ஷ்யாமளாவின் பன்னிரண்டடி மண்

மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு, 1963இல் செம்பூர் காலனியில் கீழ்த்தள வீடாகப் பார்த்து வந்ததற்கு ஷ்யாமளா சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: கதவைத் திறந்தால் காலில் மண் பட வேண்டும். பட்டது. வாசலுக்கு முன்னால் பன்னிரண்டு அடி நீளம், ஐந்தடி அகலம். உடைந்த செங்கல்லும் யாரோ விட்டுப்போன டால்டா டப்பாவுமாகக் கிடந்தது.

அந்த மண்ணோடு உட்கார அவளுக்கு நேரம் ஏது? கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். ஏழு நாற்பது ரயில் வண்டியை விட்டால் அன்றைக்கு ஆபீஸில் பேச்சு வாங்க வேண்டும். காலனிக் குழாயில் தண்ணீர் காலை ஐந்திலிருந்து ஆறு வரைதான். குடத்துக்கும் குளியலுக்குமே இழுபறி. ஆகவே வண்டியில் உட்கார இடம் கிடைத்த நாட்களில், டெலிபோன் செய்தி குறிக்கும் சீட்டின் பின்பக்கத்தில் அவள் போட்ட தோட்டத் திட்டத்துக்கு ஒரே சட்டம்: செடி அவளிடம் எதையும் கேட்கக் கூடாது.

அவள் கணவன் கிட்டு சீட்டை வாங்கிப் பார்த்தான். "கள்ளி, கத்தாழை, மறுபடியும் கள்ளி. ஏண்டி, இது வாசலா, ராஜஸ்தானா?"

"தண்ணி கேக்காது. மாடு மேயாது. ஒங்களுக்கு வேலை வெக்காது. பேசாம இருங்கோ."

மே மாதம் நட்டாள். ஜூலையில் ஐந்து நாள் விடாமல் கொட்டிற்று. ஆறாம் நாள் கத்தாழையைத் தொட்டால், வெந்த கத்தரிக்காய் மாதிரி விரல் உள்ளே போயிற்று. குழாயை நினைத்துத் திட்டம் போட்டவள் வானத்தை மறந்திருந்தாள்.

நாலு மாதம் நனைந்து எட்டு மாதம் காய்ந்தாலும் முகம் சுளிக்காதவை எவை என்று, ஸ்டேஷன் போகிற வழியில் மதில்களை எட்டிப் பார்த்தபடியே நடந்தாள். அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி. எல்லாமே கிளையை வெட்டி நட்டால் வருகிறவை. கேட்ட இடத்தில் யாரும் மறுக்கவில்லை. மண்ணை மேடாக்கி, நீர் தேங்காமல் ஓரமாகச் சரிவு விட்டு நட்டாள். கிங்ஸ் சர்க்கிள் தேங்காய்க் கடையில் குப்பையாகக் கிடந்த மட்டைகளைக் கொண்டுவந்து செடிகளுக்கிடையில் கவிழ்த்துப் பரப்பினாள். களை தலை நீட்ட இடமில்லை. மட்டை நிரம்பிய பையை, தன்னுடையதே இல்லை என்கிற முகத்தோடு கிட்டு பஸ்ஸில் சுமந்து வந்தான்.

அடுத்த வருஷக் கடைசியில் செடிகள் இடுப்பளவு நின்றன. ஒரு நாள் கூட ஊற்றாமலே! ஷ்யாமளாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மொட்டுகள் கூட எண்ண முடியாமல் இருந்தன. பூ மட்டும் ஏனோ கண்ணில் படவில்லை.

அப்போதுதான் நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஏறிற்று. கீழ்த்தள வீடுகள் நான்கின் முன்னிடத்தையும் சிமெண்டு பூசி ஸ்கூட்டர் நிறுத்த விடுவது. மே மாதக் கூட்டத்தில் முடிவு. கீழே செயலாளர் பிரம்மநாயகத்தின் கையெழுத்து. மாடி வீட்டுக்காரர், தாராவியில் இரும்புக் கடை வைத்திருந்தார். காலனியில் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் பதினொரு பேர். வண்டி கைக்கு வந்தவர் ஒருவரும் இல்லை. பதினொருவரில் கிட்டுவும் ஒருவன்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்றாள்.

"கூட்டம் வரட்டும், பாக்கலாம்" என்று கிட்டு பேப்பருக்குள் போய்விட்டான்.

மறு வாரம் ஒரு நாள், குழாய்க்குப் போகச் சீக்கிரமாகவே கதவைத் திறந்தாள். குடைப்பிடியால் நந்தியாவட்டைக் கிளையை வளைத்துக்கொண்டு செயலாளர் நின்றிருந்தார்.

"நாந்தாம்மா. சாமிக்கு ரெண்டு பூ..."

"ரெண்டா? பூக்குடலை வழியறதே!"

"வீட்டுல சாமி படம் பதினேழுல்லா இருக்கு." கூச்சத்தில் குனிந்து, கீழே வைத்திருந்த செம்புத் தண்ணீரை அடியில் ஊற்றினார். "சும்மா பறிச்சிட்டுப் போவக்கூடாதுன்னு தெனம் ஒரு செம்பு ஊத்திருவேன். பட்ட கெளைய ஒடிச்சிவிட்டதும் நாந்தான். ஏழாம் நம்பர், பத்தாம் நம்பர்காரவுகளும் ஊத்துதாவ."

எதுவும் கேட்காத செடிகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தாராளமாப் பறிச்சுக்கோங்கோ மாமா. வாசப்படி ஓரத்துல இருக்கறதை மட்டும் எனக்கு விட்டுடுங்கோ. ஆனா ஒண்ணு, மே மாசத்துக்கப்புறம் பதினேழு படத்துக்கும் எங்கே போவேள்?"

அவர் குடலையைப் பார்த்தார்.

மே மாதக் கூட்டத்தில் செயலாளர், சிமெண்டுக்கு அரசாங்கப் பெர்மிட் கிடைத்துவிட்ட செய்தியோடு தீர்மானத்தை வாசித்தார். குரல் வழக்கம்போல் எழும்பவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி பார்வதியம்மாள் கேட்டாள்: "ஏங்க, நாளையிலேருந்து செம்ப எடுத்துட்டுப் போயி சிமெண்டுக்கா ஊத்தப் போறீய?"

ஏழாம் நம்பர்தான் முதலில் சிரித்தது. பிறகு எல்லோரும்.

"சரி சரி. சிமெண்டு வேணுங்கிறவுக கை தூக்குங்க" என்றார் பிரம்மநாயகம்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிட்டுவின் கை பாதி எழுந்தது. ஷ்யாமளா திரும்பினாள். அந்தக் கை அப்படியே வளைந்து காதைச் சொறிந்துகொண்டு இறங்கிற்று. வேறு கை எழவில்லை.

"வண்டி வந்த பொறவு பாத்துக்கிடலாம்" என்று தீர்மானத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார் செயலாளர். அவருக்கே மூச்சு விட்டாற்போல் இருந்தது.

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது ஷ்யாமளா கேட்டாள்: "அந்தக் கை எதுக்கு எழுந்தது?"

"கொசுடி" என்றான் கிட்டு.