நாம வந்தா

ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளின் ஆயுதபூஜை மேடைகளில் சுமலதா அக்கா முப்பது வருடமாகப் பாடுகிறார். அதற்கு முன்பு, இருபது வயதில், ஒரு தொழிற்சாலை வாசலில் வேலைநிறுத்தப் பந்தலில் பாடியவர். அந்தப் பாட்டுகளில் எல்லாம் "நாம" இருந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. பந்தலில் இருந்தவர்கள் கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் ஆளுக்கொரு மனை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பிறகு மேடையில் கேட்டதெல்லாம் காதல் பாட்டு, வரிக்கு வரி "நீ". இப்போது கேட்பது "நான்". நான் புலி, நான் நெருப்பு. அக்கா எதையும் குறை சொன்னதில்லை. கேட்பதைப் பாடுவதுதான் தொழில் என்பார்.

அக்காவின் தெருவிலேயே வளர்ந்த நான், சில வருடம் வெளியூர்களில் சுற்றிவிட்டுத் திரும்பிய இந்த வருடம் அவருடன் போனேன். உதிரிபாகக் கம்பெனி. நிரந்தரத் தொழிலாளர்கள் முன்னால் நாற்காலியில், ஒப்பந்தப் பெண்கள் பின்னால் தார்ப்பாயில். இரண்டாவது பாட்டுக்குள் கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டால் அடுத்த வருடம் டி.ஜே. மட்டும்தான் என்று எச்.ஆர். அதிகாரி மாதேஷ் முன்பே சொல்லியிருந்தார்.

முதல் பாட்டிலேயே கால்வாசிப் பேர் எழுந்து போனார்கள். இரண்டாவது, இந்த வருடம் எல்லா ஷேர் ஆட்டோவிலும் அலறும் பாட்டு: "நான் வந்தா ஊரே நிக்கும்." அக்காவின் நாக்கில் பழைய பழக்கம் புகுந்துவிட்டது. "நாம வந்தா ஊரே நிக்கும்" என்று பாடிவிட்டார். "நான்" நின்ற இடத்தில் "நாம" அடங்கவில்லை. தாளம் அரைத்தட்டு பிந்தியது. கீபோர்டு வாசித்த பாலாஜி முறைத்தான். அந்த இடைவெளியில் பின்னாலிருந்து ஒரு பெண் கைதட்டி நிரப்பினாள். அடுத்த சுற்றில் தார்ப்பாய் முழுவதும் தட்டியது.

அக்கா பாட்டை நிறுத்தினார். "தப்பா பாடிட்டேன், மன்னிச்சிருங்க. இன்னொருக்கா சரியா பாடறேன்."

"வேணாங்க்கா," என்றாள் தட்டியவள், எழுந்து நின்று. "தப்பாவே பாடுங்க."

சிரிப்பு அடங்கும்முன் அக்கா தொடங்கினார். பாலாஜி தாளத்தைக் கைதட்டலுக்கு ஏற்றபடி இழுத்துக்கொண்டான். பந்திக்குப் போனவர்கள் கையில் தட்டோடு திரும்பி வந்தார்கள். மூன்றாவது முறை முடிந்ததும் மாதேஷ் மேடையோரம் வந்து கெஞ்சினார்.

"அக்கா, சாம்பார் ஆறிப்போவுது."

"ஆறட்டும் சார்," என்றார் அக்கா மைக்கிலேயே. நான்காவது முறை "நாம" என்று அவர் வேண்டுமென்றே அழுத்தினார். முன்னால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. எல்லோரும் தார்ப்பாயில் நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.