ஸ்பிளிண்டின் நான்கு பொருள்களும் என் இடக் கையும்

ஸ்பிளிண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு பொருள்களை, நகரியிலிருந்து திருப்பதி போய்ச் சேர்வதற்குள் நைனாவிடம் ஒன்பது முறை ஒப்பித்தேன். ஒரே பெயர்ச்சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருள்களையும் பிறப்பையும் மேடையில் விளக்கும் போட்டி அங்கே; நான் ஏழாம் வகுப்பு. சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்த என் இடக் கையில் புத்தூர்க் கட்டு இருந்தது. எலும்பை அசையாமல் பிடித்திருந்த மூங்கில் பத்தையின் ஆங்கிலப் பெயரையே தேர்ந்தெடுத்திருந்தேன்.

அகராதி தாராளமாகவே கொடுத்திருந்தது: போர்க்கவசத்தின் இரும்புத் தகடு, கூடை முடையும் பிளாச்சு, எலும்பைத் தாங்கும் பத்தை, குதிரைக் காலில் புடைக்கும் எலும்புக் கட்டி. டச்சுக்காரர்களின் பழைய மொழியிலிருந்து வந்த சொல். பிளத்தலைக் குறிக்கும் சொல்லோடு தூரத்து உறவு.

ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்த நைனா பொறுமையிழந்தார். "குதிரைக்கு வந்தா இன்னா, கழுதைக்கு வந்தா இன்னா? கைய ஆட்டாம சொல்லிக்கினு வாம்மா!"

எனக்கு முன் பேசிய பெண் தன் சொல் குறிக்கும் பொருளையே கையோடு கொண்டுவந்து காட்டிக் கைதட்டல் வாங்கினாள். நான் திரைக்குப் பின்னால் சென்று, கட்டின் ஓரத்தில் தளர்ந்திருந்த பத்தையைப் பல்லால் கடித்து உருவினேன். வலித்தது. மேடையில் அதை உயர்த்திக் காட்டியபோது அரங்கு அதிர்ந்தது. முதல் பரிசு எனக்கே. கடைசி வரிசையில் எழுந்து நின்ற நைனா மட்டும் கைதட்டவில்லை.

திரும்பும் வழியில் நைனா என்னைப் புத்தூரில் இறக்கிக் கட்டுப் போடும் இடத்துக்கு அழைத்துப்போனார். கட்டுப் போடுகிற பெரியவர் கட்டைப் பிரித்துத் தடவிப் பார்த்து, எலும்பு நகர்ந்துவிட்டது, மறுபடியும் இழுத்துத்தான் வைக்க வேண்டும் என்றார். பத்தையைப் பிடுங்கியது யார் என்று அதட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "நான்தாங்க. அரிக்குதுன்னு அழுதுச்சு, உருவிட்டேன்."

"பெரிய மனுசன்தானே நீ? புத்தி கீதாய்யா உனக்கு? கட்டினவன் இன்னா முட்டாளா?"

காத்திருந்த கூட்டம் முழுதும் திரும்பிப் பார்த்தது. பெரியவர் எலும்பை இழுக்கும்போது நைனா தலையைக் குனிந்தபடி, நான் அலற அலற என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பரிசு வாங்கித் தந்த என் துணிச்சலை அவர் தம்முடையதாக்கிக்கொண்டார் என்ற கோபத்தில், நகரி வந்து சேரும்வரை நான் அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.