வெற்றிலைச் சிவப்பு

சளி டப்பாவைத் திறந்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே எச்சிலும் வெற்றிலைச் சாறும்தான். கொடுத்தது என் பெரியம்மா மகள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா, அடுத்த அறை. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். பல வாரங்களாக இருமல்.

"ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துரு" என்றாள், நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு.

"எச்சிலப் பாத்து என்னாத்த எழுதுறது? எந்திரிச்சதும் வெத்தல போடாம, நெஞ்சுல இருந்து இருமித் துப்புங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"வெத்தல இல்லாம அந்தக் குளிருல மலையில நிக்க முடியுமாடி?"

மறுநாளும் அதே சிவப்பு. அவளுக்கு மட்டும்தான் பிடிவாதமா? அடுத்த விடியலில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் முன்பே, அவள் வாசலில் போய் நின்றேன். வெற்றிலைப் பையைப் பிடுங்கிக்கொண்டேன். "அடிப்பாவி!" என்று கத்தினாள். லயத்துக்குப் பின்னால் நிறுத்தி இருமச் சொன்னேன்.

டப்பாவில் விழுந்த சளி சிவப்பாகவே இருந்தது. வாயில் வெற்றிலை இல்லை.

"எப்ப இருந்துக்கா இப்படி?"

"தெரிஞ்சா புள்ளயப் பிரிச்சிருவாங்கடி."

உள்ளே அவளுடைய சின்ன மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொள்ளாமல் தூங்காத பிள்ளை. டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

அன்று கண்ணாடித் தகட்டில் சளியைப் பூசிக் காயவைத்து, சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி கிளம்பும்வரை அடியில் சுடரைக் காட்டினேன். அமிலத்தில் கழுவினால் மற்றதெல்லாம் சாயத்தை விட்டுவிடும், காசநோய்க் கிருமி விடாது. பிறகு நீலச் சாயம். நுண்நோக்கியில் நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் கோல்கள் கிடந்தன. பாவி மகளே, இதையா வெற்றிலையால் மறைத்தாய்!

மருந்து தொடங்கினார்கள். பிள்ளையையும் சோதித்தார்கள். நல்லவேளை, நோய் இல்லை. அடுத்த சளிச் சோதனையில் கிருமி இல்லை என்று வரும்வரை பிள்ளை எங்கள் காம்பராவில் என்னோடு படுத்தாள், அழுதழுது. தினமும் அக்கா மாத்திரையை விழுங்கும்வரை நான் நகரவில்லை. திட்டினாள். திட்டட்டும்.

இரண்டு மாதம் கழித்து அவளே வெற்றிலை போடாமல் சளி கொண்டுவந்தாள். தகடு முழுக்கத் தேடினேன். நீலம் மட்டும்தான். நம்பாமல் மறுபடியும் தேடிவிட்டு வெளியே வந்தேன்.

"கிருமி தெரியல. ஆனா மாத்திரய மட்டும் விட்டீங்க, கொன்னுருவேன்."

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "இன்னைக்கு ராத்திரி புள்ள என்கிட்ட படுக்கலாமா?" என்றாள்.

அன்று மாலை பிள்ளையின் தலையணையை நானே கொண்டுபோய் அவள் பாயில் போட்டேன்.