பல்பு அணையக் கூடாத ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் காலடிப்பேட்டையில் ஒரு மளிகைக் கடையில் உட்கார்ந்து, எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அணையக் கூடாது. அணைந்தால் என் மகனுக்கு ஏதோ ஆகியிருக்கும்.

அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் ஒரே மகன் படிப்பை முடித்து, எங்கள் பகுதி சப் ஸ்டேஷனில் ஜூனியர் இன்ஜினீயராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரிலேக்களைக் கவனிப்பது அவன் வேலை. ரிலே என்பது கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டி. உள்ளே ஓர் அலுமினியத் தட்டு. கம்பியில் அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் தட்டு சுழலத் தொடங்கும். குறித்த தூரம் சுழன்றதும் பிரேக்கரைத் தட்டிவிடும். எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் அந்தப் பெரிய சுவிட்ச் பிரிந்து கரண்டை நிறுத்திவிடும். ஒரு தொழிற்சாலையில் கோளாறு என்றால் அந்தத் தொழிற்சாலையின் ரிலே முந்திக்கொள்ள வேண்டும். ஊர் முழுவதற்குமான ரிலே கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு பீங்கான் தட்டுகளைச் சுழற்றி எனக்கு இதை விளக்கினான். ஒன்று உடைந்தது.

எங்கள் ஊரில் நடந்ததோ நேர்மாறு. மோட்டார் அடிக்கடி நின்றால் உற்பத்தி கெடுகிறது என்று ஒவ்வோர் ஆலையிலும் போர்மேன்கள் தங்கள் ரிலேயின் திருகாணியை யாருக்கும் தெரியாமல் கூட்டி வைத்துவிடுவார்கள். அவர்களுடைய தட்டு சாவகாசமாகச் சுற்றும். அதற்குள் ஊர் ரிலே பொறுமை இழந்துவிடும். எங்கோ ஒரு மோட்டார் புகைந்தால் தேரடியிலிருந்து ஐஸ் பாக்டரி வரைக்கும் கரண்ட் போய்விடும்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பட்டப்பகலில் அப்படித்தான் போயிற்று. “இவங்களுக்கு வேற வேலையே இல்லை” என்று திட்டிக்கொண்டே நான் விசிறியைத் தேடினேன். அதே நேரத்தில் ஓர் எண்ணெய் ஆலையின் சுவிட்ச் அறையில் என் மகன் நின்றுகொண்டிருந்தான். கோளாறு உடனே நிற்காததால் பிரேக்கர் எண்ணெய் கொதித்து மூடி தெறித்துவிட்டது. முன்கைகளில் கட்டோடு வீட்டுக்கு வந்தான். அவன் கொப்புளங்கள் ஆறிய பிறகும் எனக்கு ஆறவில்லை. வகுப்பில் ஒரு சிலேட்டு கீழே விழுந்தாலும் உடம்பு தூக்கிப் போட்டது.

அதன்பின் அவன் எல்லா ஆலைகளின் ரிலேக்களையும் புதிதாகக் கணக்குப் போட்டுத் திருத்தி, யாரும் தொடாதபடி ஈய முத்திரை வைத்தான். ஆலைக்காரர்கள் மேலதிகாரியிடம் போய் முறையிட்டார்கள். “சோதனை செய்து காட்டு. ஊருக்குக் கரண்ட் போனால் பழையபடியே வைத்துவிட வேண்டியதுதான்” என்று அவர் சொல்லிவிட்டார். சோதனை என்றால், விடுமுறை நாளில் அந்த எண்ணெய் ஆலையிலேயே வேண்டுமென்று கோளாறு உண்டாக்கிப் பார்ப்பது. அதே அறை.

“நீ அங்க வராதேம்மா. எங்கேயாவது ஒரு பல்பைப் பார்த்துக்கிட்டிரு. ஒரு தடவை வெளிச்சம் சுருங்கும். உடனே நிமிர்ந்துட்டா எல்லாம் சரி.”

“நிமிரலைன்னா?”

“நிமிரும்மா” என்று சைக்கிளை எடுத்தான்.

தனியாக வீட்டில் இருக்க முடியவில்லை. கடைக்கார அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் கடைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் பல்பு எரியும். சும்மா உட்கார வெட்கமாக இருந்ததால் சாமான் வாங்கிக்கொண்டே இருந்தேன்.

“டீச்சரம்மா, வெந்தயம் இப்பத்தான வாங்குனீய?”

“இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணாச்சி.”

“இம்புட்டு வெந்தயத்த வச்சு என்ன செய்யப் போறீய?”

கடை வாசலில் மீன் விற்கிற அம்மாள் எட்டிப் பார்த்தாள். ஐஸ் பாக்டரி நின்றால் முதலில் அடிபடுவது அவள்தான். அதனால் மின்சார இலாகா மேலும், அதில் வேலை பார்ப்பதால் என் மகன் மேலும் அவளுக்குத் தீராத கோபம்.

“இன்னா டீச்சரம்மா, பல்ப்பையே மொறைச்சிகினு கீறே? அது இன்னா, கணக்கு தப்பா போட்ட புள்ளையா?”

மகன் கை வெந்தது முதல் இன்றைய சோதனை வரை விஷயத்தைச் சொன்னேன்.

“அடப்பாவி! வேணும்னே கோளாறு பண்றானா? சொம்மாவே பேஜாரு பண்றது பத்தலியா? எங்க வூட்டாளு புட்ச்சாந்த மீனெல்லாம் ஐஸ்ல கீதும்மா!”

“சும்மா இரு தாயி. அந்தம்மா மூஞ்சியப் பாரு” என்றார் அண்ணாச்சி.

அவள் பார்த்தாள். கூடையை மூடிவிட்டு வந்து, என் பக்கத்தில் பருப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து, அவளும் பல்பைப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியும் தராசை விட்டுவிட்டார். சாமான் வாங்க வந்தவர்கள் என்ன ஏது என்று கேட்காமலே அண்ணாந்து நின்றார்கள்.

பல்பு சுருங்கியது. வெளிச்சம் மஞ்சளாகி, மங்கி, உள்ளே இழை மட்டும் சிவந்த நூலாகத் தெரிந்தது.

“பூட்ச்சி!” என்று மீன்காரம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆலையின் தட்டு இப்போது சுழன்றுகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். “சுத்து, சுத்து” என்று நான் வாய்விட்டுக் கத்தினேனாம். அண்ணாச்சி பிறகு சொல்லித்தான் தெரியும்.

பல்பு நிமிர்ந்தது. ஒன்றுமே நடக்காததுபோல் பளிச்சென்று எரிந்தது.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மீன்காரம்மாள் கைதட்டியதில் என் புடவை முழுவதும் செதில். “எரியுதும்மா! எரிஞ்சிகினே கீது!” அண்ணாச்சி வெல்லத்தை உடைத்துத் தெருவில் போனவர்களுக்கெல்லாம் கொடுத்தார். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு நான் அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன்.

ஆலை மட்டும் நின்றதைப் பார்த்த மகன், சப் ஸ்டேஷனுக்குக்கூடப் போகாமல் சைக்கிளை மிதித்து நேராகக் கடைக்கு வந்தான். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல், “அண்ணாச்சி, கரண்ட் போச்சா?” என்று கேட்டான்.

“எங்க போவ? ஒங்கம்மா கண்ணாலயே புடிச்சு நிறுத்திட்டாவல்லா!”

அவன் சிரித்து முடிக்குமுன் மீன்காரம்மாள் மூட்டையை விட்டு எழுந்துவிட்டாள். “இங்க வா நைனா, கையைக் காட்டு.” அவன் சட்டைக் கையை அவளே சுருட்டி, இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணும் ஆவல டீச்சரம்மா. சோக்கா கீறான்.”

இருந்தாலும் நானும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.