சாதிர்குல் உஸ்தாவின் நான்காவது டர்போ

சாதிர்குல் வண்டியைப் பார்ப்பதற்கு முன் அதன் புகையைப் பார்ப்பார். கறுப்பாக வந்தால் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை: ஹோஸ் எங்கோ கிழிந்திருக்கும், இல்லையென்றால் ஆட்டு மந்தைகள் கிளப்பிய புழுதி ஃபில்டரை அடைத்திருக்கும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. ஜனவரிக் காலையில் எல்லா வண்டிக்கும் உள்ளதுதான், வெயில் ஏறியும் நிற்காவிட்டால் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்ற வேண்டும். ஓட்டி வந்தவர் சொல்வதை அதன் பிறகுதான் கேட்பார்.

கைதேர்ந்த தொழிலாளி என்ற பொருளில் எல்லோரும் உஸ்தா என்று அழைக்கும் அவருடைய பட்டறை, மலையடியில் உள்ள கரா-புலுன் ஊரின் கடைசியில் இருந்தது. அங்கிருந்து ஆக்-மொய்நோக் கணவாய்க்கு ஏற்றம் தொடங்குகிறது. பத்தொன்பது வயதில் கூட்டுப்பண்ணையின் கொட்டகையில் எட்டு சிலிண்டர் இன்ஜின்களோடு வேலைக்குச் சேர்ந்தவர். அவற்றில் டர்போ கிடையாது. பண்ணை கலைந்தது, எல்லைக்கு அப்பாலிருந்து ஆறு சிலிண்டர் சீன லாரிகள் வரத் தொடங்கின. கற்றுக்கொடுக்க ஆளில்லை. ஓர் ஓட்டுநர் சீனத்தில் அச்சான கையேடு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். எழுத்து ஒன்றும் புரியவில்லை. எண்களும் படங்களும் புரிந்தன. சிலிண்டரின் குறுக்களவு 126 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 130. ஆறையும் சேர்த்தால் ஒன்பதே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அழுத்த விகிதம் பதினேழுக்கு ஒன்று. எல்லாவற்றையும் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

டர்போவை மட்டும் ஒரு குளிர்காலம் முழுக்கக் கழற்றி மாட்டினார். வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது; அதே ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அள்ளி இன்ஜினுக்குள் திணிக்கிறது. ஷாஃப்ட் நிமிடத்துக்குத் தொண்ணூறாயிரம் சுற்று சுற்றும். அந்த வேகத்தில் அதைத் தாங்குவது ஆயில் படலம் ஒன்றுதான். முன்னும் பின்னும் அது அசையலாம், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள். அதற்கு மேல் அசைந்தால் சக்கரம் கூட்டில் உரசும்.

மூவாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடும். பழைய இன்ஜின்கள் அங்கே மூச்சிரைத்து நிற்கும். டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அதை ஈடுகட்டும். அது போதாதென்று சில பேர் டீசல் பம்பின் அளவைக் கூட்டிவிடச் சொல்லி வருவார்கள்.

"உஸ்தா, ஒரு சுத்து மட்டும் திருகி விடுங்க. ஏத்தத்துல மாடு மாதிரி போகுது."

"மாடு மாதிரியே போ. குதிரை ஆக்கினா பிஸ்டன் உருகிடும்."

தாஷ்தெமிர் அப்படிக் கேட்டவரில்லை. நாற்பத்தைந்து வயது, அளவான பேச்சு. அடிவாரச் சுரங்கத்திலிருந்து இருபத்தைந்து டன் நிலக்கரியைக் கணவாய்க்கு அப்பால் உள்ள ஊர்களுக்குக் கொண்டுபோவார். பத்து வருடத்துக்கு மேல் பழைய எட்டு சிலிண்டர் லாரியை ஓட்டிவிட்டு, போன இலையுதிர்காலத்தில்தான் டர்போ லாரி வாங்கியிருந்தார். மார்ச் மாதம் அது நீலப் புகை விட்டது. சாதிர்குல் டர்போவுக்குப் புது பேரிங், புது சீல் போட்டுக் கொடுத்தார். ஏழு வாரத்தில் போயிற்று. இரண்டாவது ஆறு வாரம் தாங்கியது. மூன்றாவது ஐந்தே வாரம்.

மூன்று தடவையும் உள்ளே ஒரே காட்சி. பேரிங் இருக்கும் இடத்தில் ஆயில் கருகி, சட்டியின் அடியில் பிடித்த பால் போல ஒட்டிக் கிடந்தது. சூடான இன்ஜினைப் பட்டென்று நிறுத்துகிறவர்களின் டர்போ இப்படித்தான் ஆகும். இன்ஜின் நின்றதும் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். பக்கத்திலேயே அறுநூறு டிகிரியில் தகிக்கும் இரும்பு, தேங்கிய ஆயிலைக் கரியாக்கிவிடும். அதனால்தான் நிறுத்துவதற்கு முன் நாலைந்து நிமிடம் சும்மா மெதுவாக ஓடவிட வேண்டும்.

"சூடா இருக்கும்போது ஆஃப் பண்றியா?" என்று முதல் தடவையே கேட்டிருந்தார்.

"இல்ல உஸ்தா. கரி இறக்கற இடத்துல அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுத்தான் நிறுத்தறேன். நீங்க சொன்னதுதானே."

"வழியில?"

"வழியில எங்க நிக்கறது? ஒரே மூச்சா போய்ச் சேர்றதுதான்."

தாஷ்தெமிர் பொய் சொல்கிற ஆளில்லை. ஆகவே சாதிர்குல் மற்றதையெல்லாம் பார்த்தார். ஆயில் வரும் குழாயை மாற்றினார். திரும்பும் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். வேறு ஆயில், வேறு ஃபில்டர். ஆயில் பிரஷர் அளந்தார், மூன்றரை பார் இருந்தது, சரியாக இருந்தது. மிச்சம் இருந்தது அவருடைய கை மட்டும்தான்.

ஊரும் அந்த முடிவுக்கு வந்திருந்தது. பக்கத்தில் பஞ்சர் ஒட்டும் பைஸில்தா வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டான்: "என்ன உஸ்தா, தாஷ்தெமிர் அண்ணன் டர்போவுக்கு மாசச் சந்தா கட்டிட்டாரா?" வழக்கமாக வரும் இரண்டு லாரிகள் பட்டறையில் நிற்காமல் நகரத்துக்குப் போயின. அவர் மனைவி புருல்கான் ஒரு கல்யாண விருந்திலிருந்து திரும்பி, முக்காட்டைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தாள்.

"உங்களுக்குக் கை நடுங்குதாமே? முப்பத்தி மூணு வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாத நடுக்கம் ஊருக்குத் தெரியுது."

"யார் சொன்னா?"

"யார் சொல்லல?"

அன்று எல்லோரும் போன பிறகு சாதிர்குல் பட்டறையில் உட்கார்ந்து, அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்து ஒரே ஷாஃப்டை இருபது தடவை அளந்தார். இருபது தடவையும் ஒரே எண் வந்தது. ஐம்பத்தேழு வயதில் கை போயிற்று என்றால் அந்தச் சாலையில் அவருக்கு வேறு வேலை இல்லை. கை போகவில்லை என்றால் காரணம் எங்கேயோ இருக்கிறது. நான்காவது டர்போவை மாட்டியதும், "நானும் வர்றேன்" என்று லாரியில் ஏறிக்கொண்டார்.

நாற்பத்தெட்டு நிமிடம் ஏற்றம். பெரும்பாலும் மூன்றாவது கியர். தாஷ்தெமிர் நன்றாக ஓட்டினார். தேவையில்லாமல் மிதிக்கவில்லை, கியரைத் தாமதமாக மாற்றவில்லை. டர்போவின் விசில் ஒரே சீராக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

உச்சியில், சாலை சமமாகும் இடத்தில், தாஷ்தெமிர் வண்டியை இடப்பக்கம் ஒதுக்கிச் சாவியைத் திருப்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிறவரைப் போல, யோசனையே இல்லாமல் செய்தார். கதவைத் திறந்து இறங்கி நடந்தார்.

பள்ளத்தின் ஓரத்தில் கல் அடுக்கி ஓர் இரும்புத் தகடு நட்டிருந்தது. அவருடைய அண்ணன் கோஜோமுராத் பதினொரு வருடத்துக்கு முன் அங்கே பனிக்கட்டி உறைந்த வளைவில் லாரியோடு பள்ளத்தில் போனவர். சாதிர்குலுக்கு அது தெரியும். அந்த லாரியின் பிரேக்கை அதற்கு இரண்டு மாதம் முன் பார்த்தவரே அவர்தான். தாஷ்தெமிர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெல்ல ஓதினார். சாதிர்குலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கைகளை விரித்தார்.

காற்றுகூட இல்லை. பின்னால் லாரியிலிருந்து டிக், டிக் என்று இரும்பு சுருங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். கேபினுக்கு அடியில் நிழலில் டர்போவின் கூடு மங்கிய சிவப்பாகத் தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததற்கு வெட்கப்பட்டார். முகத்தில் கைகளைத் தடவிக்கொண்டு எழுந்தபோது ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

இறக்கத்தில் பாதி தூரம் போன பிறகுதான் கேட்டார்.

"தினமும் நிறுத்துவியா?"

"எங்க?"

"மேல."

"அது நிறுத்தறது இல்லயே உஸ்தா. அது அண்ணன்."

சாதிர்குலுக்கு இப்போது கணக்குச் சரியாக வந்தது. பழைய லாரியில் டர்போ இல்லை. பத்து வருடம் அங்கே நிறுத்தியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"தம்பி, டர்போவைக் கெடுக்கறது அந்த ஆறு நிமிஷம்தான். இன்ஜினை ஓடவிட்டுட்டு நீ போய் ஓதிட்டு வந்தா—"

தாஷ்தெமிர் பிரேக் போட்டார். பின்னால் இருந்த நிலக்கரி முன்பக்கமாகச் சரிந்தது.

"மூணு தடவை நீங்க பார்த்தீங்க. மூணு தடவை போச்சு. இப்ப செத்தவன் மேல பழி போடறீங்களா?"

"யார் மேலயும் போடல. இரும்பைச் சொல்றேன்."

"இருபது வருஷம் அவன் இன்ஜின் சத்தத்துலயே கிடந்தான். சாகும்போதும் அதுதான் காதுல இருந்திருக்கும். நான் போற நேரமாவது அங்க சத்தம் வேணாம்." வண்டியை மறுபடி நகர்த்தினார். "நகரத்துல ஒரு ஆள் இருக்கானாம். அவன்கிட்டயே காட்டிக்கறேன்."

கரியை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். கரா-புலுனில் இறங்கும்போது சாதிர்குல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளிக்கிழமை வண்டியை விட்டுட்டுப் போ. ரெண்டு நாள். நீ மேல எப்படி நிறுத்தறியோ அப்படியே நிறுத்து. சத்தம் இருக்காது. அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

தாஷ்தெமிர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். வெள்ளிக்கிழமை காலை லாரி பட்டறை வாசலில் நின்றது.

அதற்குள் சாதிர்குல் நோட்டில் நாலு பக்கம் வரைந்து அடித்திருந்தார். உடைத்துப்போட்ட லாரி ஒன்றின் பிரேக் காற்றுத் தொட்டி, ஐந்து லிட்டர் பிடிப்பது, கொட்டகையில் கிடந்தது. அதைக் கழுவி, டர்போவுக்கு ஆயில் போகும் குழாயோடு இணைத்தார். இன்ஜின் ஓடும்போது ஆயில் தொட்டிக்குள் ஏறி, உள்ளே இருக்கும் காற்றை அமுக்கி வைக்கும். இன்ஜின் நின்றதும் அந்தக் காற்று ஆயிலைத் திருப்பித் தள்ளும். ஒருவழி வால்வு இருப்பதால் ஆயில் இன்ஜின் பக்கம் ஓட முடியாது. டர்போ வழியாகத்தான் இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்புக்கு இறங்க வேண்டும். மூன்றரை லிட்டர் கூடுதல் ஆயில் ஊற்றினார். இன்ஜினை அரைமணி நேரம் ஓட்டி நிறுத்தினார். ஆயில் ஒன்றே கால் நிமிடம் ஓடியது. போதாது. தொட்டியிலிருந்து ஆயில் வெளியேறும் வாயை இன்னும் சின்னதாக்கினார். இரண்டு நிமிடம் நாற்பது நொடி. திரும்பும் குழாயில் கை வைத்துப் பார்த்தார். முதலில் தொட முடியவில்லை, கடைசியில் தொட முடிந்தது.

தேநீர் கொண்டுவந்த புருல்கான் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எனக்கு டீ கொதிக்கவைக்க ஒரு சமோவார் வாங்கித் தாங்கன்னு எத்தனை வருஷமா கேக்கறேன். லாரிக்குச் செஞ்சு குடுத்துட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை தாஷ்தெமிர் வந்தார். தொட்டியைக் காட்டி விளக்கியபோது கேட்டுக்கொண்டார், கேள்வி ஒன்றுதான் கேட்டார்.

"மேல சாவியத் திருப்பலாமா?"

"திருப்பு."

"ஓடவிடச் சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்னு சொன்னேன்ல."

ஐந்து வாரம் தாண்டியது. ஏழு வாரமும் தாண்டியது. கணவாயில் முதல் பனி விழுந்த பிறகு, பதினான்காவது வாரம், ஆயில் மாற்ற வந்த லாரியின் கேபினைத் தூக்கிச் சாய்த்து, அடியில் இருந்த டர்போவைச் சாதிர்குல் கழற்றிப் பார்த்தார். ஷாஃப்டின் அசைவு 0.07 மில்லிமீட்டர். கரி இருந்தது, நகத்தால் சுரண்டினால் வரும் அளவு. துடைத்துத் திரும்ப மாட்டினார்.

கேட்டவர்களிடம் தாஷ்தெமிர், "இப்ப சரியா இருக்கு," என்று மட்டும் சொன்னார். அண்ணன் பேச்சையும் எடுக்கவில்லை, தொட்டிப் பேச்சையும் எடுக்கவில்லை. ஊர் தனக்குத் தெரிந்ததை வைத்து முடிவு செய்துகொண்டது: மூன்று டர்போவைக் கெடுத்துத்தான் உஸ்தா டர்போ வேலை கற்றுக்கொண்டார்.

புருல்கானுக்குப் பொறுக்கவில்லை. "போய்ச் சொல்லுங்களேன். வாயில என்ன, மாவா இருக்கு?"

"என்னன்னு சொல்ல? அவன் அண்ணனுக்கு ஓதினதாலதான் கெட்டுச்சுன்னா?"

"உண்மைதானே?"

"உண்மைதான். பத்தே நாள்ல அவனை ஊரே கேலி பண்ணும். அப்புறம் மேல நிக்காம போவான்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே மாவு பிசையப் போனாள்.

கோடையில் பட்டறைக்கு வராமல் நின்றுபோன இரண்டு லாரிகளில் ஒன்று டிசம்பர் மத்தியில் திரும்பி வந்தது. ஓட்டுநர் இறங்கி, சாதிர்குலின் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கை திரும்பி வந்துடுச்சுன்னு சொன்னாங்க உஸ்தா."

"ஆமா, வந்துடுச்சு," என்றார் சாதிர்குல். "கேபினைத் தூக்கு."