துக்கம் வேறு, வருத்தம் வேறு

பத்மாவதி டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தியை, காலையில் தொண்டூர் பஸ் கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். செஞ்சியில் அவர் ஆங்கிலம் நடத்திய பள்ளியில் கணக்கு நடத்துபவன் நான். வீட்டுக்குப் போனபோது, மாலையோடு வந்தவர்கள் "ரொம்ப சாது, யாரையும் எதிர்த்துப் பேச மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பொய். அவரை அறிந்தவர்களாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா?

'க்ரீஃப்', 'சாரோ', 'ரிக்ரெட்' மூன்றுக்கும் 'வருத்தம்' என்று ஒரே பொருள் போட்டிருந்த உரைநூலைப் பார்த்து ஒருநாள் டீச்சர் கொதித்தார். "செத்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போறோம். வருத்தம் விசாரிக்கப் போறோம்னு யாராவது சொல்றோமா? நம்ம பாஷையிலேயே வித்தியாசம் இருக்குது, அவன் பாஷையில இருக்காதா?"

அந்த மழைக்காலத்தில் வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லின் சுவர் இடிந்து, வல்லத்திலிருந்து கூலிக்கு வந்த முனியம்மாள் இறந்துபோனார். மில் முதலாளி எங்கள் பள்ளிக் கமிட்டியிலும் இருந்தார். கலெக்டருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத டீச்சரை மில்லுக்கு அழைத்தார். நானும் கூடப் போனேன். டீச்சர் எழுதியதில் 'ரிக்ரெட்' இருந்தது.

"வக்கீல் 'சாரோ'ன்னு போடச் சொல்றாரு. ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்?" என்றார் முதலாளி.

"ஒண்ணில்லீங்க. சாரோ, தெருவுல போறவனுக்குக்கூட வரும். ரிக்ரெட்டுன்னா, நாம செய்யாம விட்டத நெனச்சு வருத்தப்படறது. சுவரு வெடிச்சிருக்குதுன்னு கூலியாளுங்க சொன்னாங்களா, இல்லியா?"

"இன்னா டீச்சர், கேஸ் நடத்துறீங்களா?"

"க்ரீஃப் அந்தம்மா புருசனுக்கு. உங்களுக்கு ரிக்ரெட்தான்" என்று காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

வேறொருவர் 'சாரோ' போட்டு எழுதிக் கொடுத்தார். மழையால் நேர்ந்த விபத்து என்று விஷயம் முடிந்தது. டீச்சரிடமிருந்து ஆங்கில வகுப்புகளைப் பிடுங்கித் தையல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஏன் என்று கேட்டேன். கமிட்டி முடிவு என்றார்கள். இந்தி வேண்டாம், ஆங்கிலம் போதும் என்று வீதியில் கோஷம் போட்ட ஊர் இது! ஆங்கிலத்தை ஒழுங்காகச் சொல்லித் தந்தவருக்கு இந்த ஊர் கொடுத்தது ஊசியும் நூலும். சாகும்வரை அவருக்கு அந்த வகுப்புதான்.

கடிதத்தை வைத்துவிட்டு எழுந்த அன்று, மில்லைவிட்டு வெளியே வந்தபோது, மழையில் கோட்டை மலையே தெரியவில்லை. டீச்சருக்குக் கை நடுங்கிக் குடையை விரிக்க முடியவில்லை. நான் வாங்கி விரித்தேன். "பயமாத்தான் இருக்குது சார்" என்றார். "பயந்துகினு சொன்னா, அர்த்தம் மாறிடுமா இன்னா?"

நான் நினைவில் வைத்துக்கொண்டிருப்பது அந்த நடுங்கிய கையையும் அந்தக் கேள்வியையும்தான்.