ஐந்தாவது பேனல்

'போட்டுரலாம்ணே!'

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம் காரைக்குடியில் ஒரு சோலார்க்காரரிடம் நடுத்தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா? தேவைதான். கேளுங்கள்.

என் சிநேகிதர் சிராஜுதீன் இருபத்திரண்டு வருடம் குவைத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வருடத்துக்கு ஒரு மாதம்தான் லீவு. அந்த ஒரு மாதமும் கல்யாணம், சுன்னத், ஆஸ்பத்திரி என்று ஓடிவிடும். மனைவி மும்தாஜை ஒரு ஊருக்குக்கூட அழைத்துப் போனதில்லை என்று மனுஷனுக்குத் தீராத குறை.

ஊரோடு வந்தவர், பழைய வேன் ஒன்றை வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபேன், ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ் ஆடம்பரம் இல்லை... மும்தாஜுக்கு இன்சுலின் வைக்க. அடுத்த மாதம் மகளுக்குப் பிரசவம். அதற்கு முன்னால் கிடைத்தது பன்னிரண்டு நாள். கொடைக்கானல் போய், இறங்கி, அப்படியே கன்னியாகுமரி. இதுதான் திட்டம்.

சிராஜ் எதையும் எழுதிப் பார்த்துச் செய்கிற ஆள். ஃப்ரிட்ஜ் எத்தனை வாட், ஃபேன் எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பார்த்து, கூரைக்கு நாலு சோலார் பேனல் போதும் என்று முடித்திருந்தார். பேனல்களை ஒன்றோடு ஒன்று கோத்தால் வோல்டேஜ் கூடும், மெல்லிய ஒயரே போதுமாம். ஒரு பேனல் இருபத்திரண்டு வோல்ட். நாலும் சேர்ந்தால் எண்பத்தெட்டு. அதை வாங்கி பாட்டரிக்குப் பதமாக அனுப்புகிற பெட்டிதான் சார்ஜ் கன்ட்ரோலர். அது நூறு வோல்ட் வரை தாங்கும் என்று அதன் நெற்றியிலேயே அச்சடித்திருக்கிறது. எல்லாம் கச்சிதம்!

அங்கேதான் நான் போய்ச் சேர்ந்தேன்.

"என்ன மச்சான், நாலா? சீர்த்தட்டுகூட ஒத்தப்படையிலதான வைப்போம்! புதுசா வாங்குன வண்டி, மொதப் பயணம்... அஞ்சாப் போடு."

சிராஜ் சிரித்தார். "எங்களுக்கு அதெல்லாம் கிடையாது மச்சான். நீ ஆசைப்படுற... என்ன தம்பி, போடலாமா?" என்று சோலார்க்காரரைப் பார்த்தார்.

"போட்டுரலாம்ணே!"

யோசிக்கவே இல்லை. பேப்பரை எடுக்கவில்லை. கன்ட்ரோலர் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஐந்தாவதையும் அதே வரிசையில் கோத்துவிட்டு, பட்டப்பகல் வெயிலில் மீட்டர் வைத்துப் பார்த்தார். வேலை செய்தது. ஒரு வாரம் காரைக்குடியில் ஃப்ரிட்ஜ் ஜில்லென்று ஓடியது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

கொடைக்கானலில் முதல் காலை. நல்ல குளிர். பளிச்சென்று வெயில் அடித்ததும் கன்ட்ரோலர் 'டப்' என்றதாம். அவ்வளவுதான், உயிர் போயிற்று. பாட்டரியில் மிச்சமிருந்ததை வைத்து மறுநாள் மத்தியானம் வரை ஃப்ரிட்ஜ் ஓடி, நின்றது. மலைக் குளிரில் மருந்து தாங்கும். இறங்கிக் கன்னியாகுமரி வரை வேனுக்குள் கொதிக்கிற சூட்டில்? மனைவியின் உயிரோடு யார் விளையாடுவார்கள்? ஒரு ஃப்ளாஸ்க்கில் ஐஸ் போட்டு மருந்தை வைத்துக்கொண்டு, நேரே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். புது கன்ட்ரோலர் வந்து சேரப் பத்து நாள் ஆகுமாம். அதற்குள் மகள் வந்துவிடுவாள்.

எனக்கு வந்ததே கோபம்! சோலார்க்காரரைக் கடைக்கு வெளியே இழுத்து நிறுத்தினேன்.

"ஏன்யா, அந்தப் பெட்டி எப்படிய்யா செத்துச்சு?"

"அஞ்சு பேனலுக்கு நூத்திப்பத்து வோல்ட்ணே. நம்ம ஊரு சூட்டுல கொறைஞ்சு, மீட்டர்ல நூத்துக்கு உள்ளதான் காட்டுச்சு. குளிர்ல ஏறிரும்ணே."

"ஏறும்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்ணே."

"பெறகு ஏன்யா வாயைத் தொறக்கல?"

"நீங்க பெரியவுக, மங்களமா ஒண்ணு கேக்குறீக... வேணாம்னு எப்படிண்ணே சொல்றது?"

மரியாதையாம்! இது என்ன மரியாதை ஐயா? முடியாது என்று சொல்ல இங்கே ஒருவருக்கும் வாய் வருவதில்லை. டெய்லரிடம், 'நாளைக்கே கிடைக்குமா?' என்றால் தலையை ஆட்டுகிறார். கொத்தனாரிடம், 'சுவரைத் தள்ளி வைக்கலாமா?' என்றால் தலையை ஆட்டுகிறார். அந்தச் சுவர்மேல்தான் மாடியே நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும்! 'ஆகும்' என்பதற்கு ஒரு விநாடி போதும். அதன் பலனை அனுபவிப்பது வேறு யாரோ.

விடவில்லை. அவரைக் கையோடு சிராஜ் வீட்டுக்கு இழுத்துப் போனேன், மன்னிப்புக் கேட்க வைக்க. அங்கேயும் கத்தல். "நீங்கதானேண்ணே சொன்னீக" என்று அவர். "நான் வெவரம் தெரியாதவன்யா!" என்று நான். சிராஜ் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மும்தாஜ் டீயோடு வந்தார். கோபப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"ஏண்ணே ரெண்டு பேரும் கத்துறீக? ஒங்களுக்குத் தெரியாது, சொன்னீக. இந்தத் தம்பிக்குத் தெரியும், சொல்லல. இருபத்திரண்டு வருசத்துல எனக்குன்னு கெடைச்சது அந்தப் பன்னெண்டு நாளுதாண்ணே."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். விவரம் தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை? கேட்டது யார் என்னை?

நேற்றுக் காலை எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. சிராஜ் கூரையிலிருந்து ஒரு பேனலைக் கழற்றி, பத்திரமாக இறக்கிச் சுவரோரம் சாய்த்தார்.

"என்ன மச்சான் இது?"

"மும்தாஜ் குடுத்துட்டு வரச் சொன்னா. 'அண்ணன் ஆசைப்பட்டுக் கேட்டது, அண்ணன் வீட்டுலயே இருக்கட்டும்'னா."